அடுப்பில் ஏறிய கலை: ஜோமோன் சுடர்ப் பானைகள்

ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன், ஜோமோன் காலத்தில், ஜப்பானின் நீகாட்டா வட்டாரத்தில் ஷினானோ ஆற்றையொட்டி வாழ்ந்த மக்கள் வனைந்தவை சுடர்வடிவப் பானைகள். தொக்காமாச்சி நகரின் சாசயாமாவில் கிடைத்தவற்றை 1999இல் ஜப்பானிய அரசு தேசியச் செல்வமாக அறிவித்தது. பார்த்த மாத்திரத்தில் இவற்றைச் ‘சடங்குக் கலம்’ என்று சொல்லிவிடுவது ஆய்வாளர்களிடையே நெடுநாள் வழக்கம். பானைகளின் உட்புறம் அந்த முடிவுக்கு இடங்கொடுக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வடிவத்தை முதலில் பார்க்கலாம். ஜோமோன் மட்பாண்டங்களுக்குப் பெயர் தந்ததே ஈரக்களிமண்ணில் முறுக்குக் கயிற்றை உருட்டிப் பதித்த தடம்தான். சுடர்ப் பானைகளில் அதைப் பெரும்பாலும் காண முடியாது. மாறாக, களிமண் திரிகளை ஒட்டிச் சுழித்து, மேற்பரப்பு முழுவதையும் புடைப்பு வேலைப்பாட்டால் நிரப்பியிருக்கிறார்கள். விளிம்பில் ரம்பப் பல் வரிசை. அதற்குமேல் சேவற்கொண்டை போல நான்கு முகடுகள். குயவர் சக்கரம் அறியாத கைகளின் வேலை இது. முகடுகள் துழாவுவதற்கும் ஊற்றுவதற்கும் இடைஞ்சல், ஆகவே இது சமையற்கலம் அன்று என்கிறார்கள் சடங்குக் கட்சியினர்.

ஆனால் இவற்றுள் பலவற்றின் உட்சுவரில் உணவு தீய்ந்து ஒட்டிய கரி இருக்கிறது. காட்சிக்கு மட்டும் வைத்த கலத்தில் உணவு அடிப்பிடிக்காது. இடைஞ்சல் என்பது நம் சமையலறையின் அளவுகோல். அவர்கள் அதைப் பொருட்படுத்தினார்கள் என்பதற்குச் சான்று ஏது?

கலை உலகமும் இதே தவற்றை வேறு வழியில் செய்தது. ஓவியர் ஒகாமோட்டோ தாரோ 1951இல் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஜோமோன் பாண்டங்களைக் கண்டு வியந்து, அடுத்த ஆண்டே அவற்றைப் பற்றி எழுதினார். தொல்லியலின் அலமாரியிலிருந்து அவற்றைக் கலை வரலாற்றுக்குள் கொண்டுவந்த பெருமை அவருடையது; மறுக்க முடியாது. எனினும் அவர் போற்றிய மூர்க்க அழகுக்கும் அடுப்புக்கும் தொடர்பில்லாமல் போயிற்று.

ஜப்பானில் மட்பாண்டம் பிறந்ததே அடுப்பருகில்தான். வடக்கே அவோமோரியின் ஓதாய் யாமாமோட்டோவில் கிடைத்த, ஏறத்தாழ 16,000 ஆண்டுப் பழமையுடைய ஓடுகள் வேலைப்பாடற்றவை. அவற்றிலும் கரி ஒட்டியிருந்தது. அப்போது நெல் வேளாண்மை இல்லை. அது ஜோமோனுக்குப் பின்வந்த யாயோய் காலத்தில்தான் வேரூன்றியது. மீனையும் கொட்டைகளையும் நம்பி ஓரிடத்தில் ஊன்றிய வாழ்க்கைதான் பின்னாளில் எளிதில் தூக்கிச் செல்ல முடியாத, உடையக்கூடிய இந்தப் பானைகளைத் தாங்கியது.

சுடர்ப் பானைகள் கிடைத்த ஊர்களிலேயே எளிய பானைகளும் கிடைக்கின்றன. எனவே அன்றாடச் சமையல் எல்லாம் இவற்றில் நடந்தது என நான் கூறவில்லை. ஊர்கூடி உண்ணும் நாள்களுக்கு உரியவையாக இருந்திருக்கலாம். இதைச் சோதிக்க வழியுண்டு: ஒரே ஊரின் இருவகைப் பானைகளிலும் ஊறியுள்ள கொழுப்பெச்சத்தை ஒரே முறையில் பகுத்து ஒப்பிட வேண்டும். உணவு வேறுபட்டால் விருந்துக் கருத்து வலுப்பெறும். ஒன்றாக இருந்தால், வேலைப்பாட்டைக் கொண்டு பயனை ஊகிக்கும் முறையையே கைவிட வேண்டியிருக்கும்.