வானவன் மாதேவி ஈஸ்வரம்: ‘இலக்கம் 2’ ஆகிப்போன கோயில்

மட்டக்குளியில் வளர்ந்த எனக்குக் கருங்கல் கோயில் என்றால் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரம்தான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கல்லால் கட்டுவித்தார். அதைவிட 800 ஆண்டுகளுக்கு மேல் மூத்த கற்கோயில் ஒன்று பொலன்னறுவையில் சிகரம்வரை முழுதாக நிற்கிறது. அதைப் பார்க்கப் போனபோது, முச்சக்கரவண்டிச் சாரதியிடம் “வானவன் மாதேவி ஈஸ்வரம்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. “சிவ தேவாலயம் நம்பர் டூ” என்றதும் வண்டி கிளம்பிவிட்டது.

993இல் இராஜராஜ சோழனின் படையெடுப்பால் அனுராதபுரம் வீழ்ந்தது. சோழர் பொலன்னறுவையைத் தலைநகராக்கி, ஜனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றும்வரை அந்த ஆட்சி நீடித்தது. அக்காலத்தில் எழுந்த இக்கோயிலுக்கு இராஜராஜனின் அரசியும் இராஜேந்திரனின் தாயுமான வானவன் மாதேவியின் பெயர் சூட்டப்பட்டது. இதை ஊகித்துச் சொல்லவில்லை. அதிராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு கோயிலை அந்தப் பெயராலேயே குறிக்கிறது.

அந்நகரின் பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் செங்கல்லால் ஆனவை. கூரை இழந்து நிற்கின்றன. இதுவோ அடி முதல் முடி வரை கல். சோழர் போன பின்பும் எவரும் இதை இடிக்கவில்லை. கருவறையில் இன்றும் இலிங்கம் இருக்கிறது. வருவோர் கைகூப்பிவிட்டுப் போகிறார்கள்.

பிறகு எப்படி இலக்கம் வந்தது? 1890இல் தொல்லியல் ஆய்வுப் பணி தொடங்கியபோது அதன் முதல் ஆணையாளர் எச்.சி.பி. பெல். காட்டுக்குள் கிடந்த நகரில் பெயர் தெரியாத சிவன் கோயில்கள் பல இருந்தன. அடையாளத்துக்காக எண்கள் இடப்பட்டன. 1907–08இல் ‘இலக்கம் 1’ கோயிலில் நடராசர், நாயன்மார் முதலிய வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் பல கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்தன. இராமநாதனின் தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். 1982இல் பொலன்னறுவை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் நாம் பார்க்க எதுவும் மிஞ்சியிராது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் கல்லைக் காப்பது பாதி வேலைதான். கம்போடியாவின் பந்தியாய் ஸ்ரீ கெமர் கோயிலைப் பாருங்கள். சிதறிக் கிடந்த அதன் கற்களை 1931 முதல் ஆன்றி மார்ஷல் மீண்டும் அடுக்கி நிறுத்தினார். அதைப் பல நூற்றாண்டுகள் பிந்தியதாக முதலில் அறிஞர்கள் கருதினர். 1936இல் கிடைத்த கல்வெட்டு, அது 967இல் திரிபுவனமகேஸ்வரருக்கு எழுப்பிய சிவாலயம் என்பதை உறுதிப்படுத்தியது. ஒரு கல்வெட்டு கோயிலின் வயதையும் சாமியின் பெயரையும் மீட்டுத் தந்தது.

நமக்கு அந்தத் தேடலே தேவையில்லை. பெயர் ஏற்கெனவே வாசிக்கப்பட்டு நூல்களிலும் ஏறிவிட்டது. ‘இலக்கம் 2’ இருந்துவிட்டுப் போகட்டும். ஆய்வாளர்களுக்கு அது தேவை. அதன் பக்கத்தில் மூன்று மொழியிலும் ‘வானவன் மாதேவி ஈஸ்வரம்’ என்று எழுத ஒரு வரி போதும். வழிகாட்டிகளும் பாடநூல்களும் அந்தப் பெயரைச் சொன்னால், அடுத்த முறை சாரதிக்கு நான் எண்ணைச் சொல்ல வேண்டியிராது.