பழைய கார் வாங்கி ஏமாந்துட்டீங்களா? பணத்தை மீட்க வழி இருக்கு!

சென்னை:

"சிங்கிள் ஓனர் வண்டி சார், ஒரு கீறல் கூட கிடையாது. 40 ஆயிரம் கி.மீ.தான் ஓடியிருக்கு" - இந்த பேச்சை நம்பி, நகையை அடகு வைத்து பழைய கார் வாங்குகிறவர்கள் ஏராளம். பத்தாவது நாள் மெக்கானிக் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஆக்சிடெண்ட் ஆன வண்டி. மீட்டரையும் குறைச்சிருக்காங்க" என்று சொல்லும்போதுதான் தலை சுற்றுகிறது. ஏமாந்தவர்கள் என்ன செய்யலாம்?

முதல் வேலை

ஆத்திரத்தில் வண்டியை ரிப்பேர் செய்துவிடாதீர்கள். கோளாறுதான் உங்கள் சாட்சி. போட்டோ எடுத்து, மெக்கானிக்கிடம் எழுத்து மூலம் அறிக்கை வாங்குங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். பிறகு விற்றவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பல தகராறுகள் இதிலேயே முடிந்துவிடும்.

நுகர்வோர் கோர்ட்டு

சொந்த காரை ஒரு தடவை விற்கிற தனி ஆள், வியாபாரி கிடையாது. அதனால் அவர் மீது நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு நிற்பது கஷ்டம். ஆட்டோ கன்சல்டிங், கார் கம்பெனியில் வாங்கியிருந்தால் தாராளமாக போகலாம். 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கணும். வண்டிக்கு கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

சிவில் வழக்கு

தனி ஆளிடம் வாங்கியவர்களுக்கு 1872-ம் ஆண்டு ஒப்பந்த சட்டம்தான் துணை. பொய் சொல்லியோ, குறையை வேண்டுமென்றே மறைத்தோ விற்றிருந்தால், 19-வது பிரிவுப்படி விற்பனையை ரத்து செய்யச் சொல்லலாம். வண்டியைத் திருப்பிக் கொடுத்து பணத்தைக் கேட்கலாம். வண்டியை வைத்துக்கொண்டு நஷ்டஈடும் கேட்கலாம். மோசடி தெரியவந்த நாளில் இருந்து 3 வருஷம் கெடு.

ஒரு விஷயம் கவனிக்கணும். விற்றவர் சும்மா வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் அது மோசடி ஆகிவிடாது. பார்த்து வாங்குவது நம்ம பொறுப்பு என்கிறது சட்டம். அதனால், "ஆக்சிடெண்ட் ஆச்சா? லோன் இருக்கா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

போலீசில் புகார்

லோனை மறைத்தது, போலி ஆர்.சி. புக், திருட்டு வண்டி என்றால் போலீசுக்கு போகலாம். முன்பு '420' என்று சொன்ன மோசடி குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவில் வருகிறது. 7 வருஷம் வரை ஜெயில். ஆனால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததை காட்ட வேண்டும். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.

வக்கீலுக்கு காசு இல்லையா?

பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், வருமானம் குறைந்தவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். லோக் அதாலத்தில் பேசி முடித்தால், அந்த உத்தரவுக்கு கோர்ட்டு தீர்ப்பின் மதிப்பு உண்டு. அப்பீலும் கிடையாது.

வாங்கப் போகிறவர்கள், ஆர்.சி.யில் ஹெச்.பி. இருக்கிறதா, பைனான்ஸ் என்.ஓ.சி. வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.