"உன்ர பேரு அதில வருமா?"

ஊருக்குப் போகும்போதெல்லாம் இதே கேள்விதான்: "கொழும்பில எந்த பேங்கில மகன் வேலை?" ஈச்சிலம்பற்றில் வர்த்தகம் படித்தவனுக்கு ஒன்றில் வங்கி, இல்லாவிட்டால் பிரதேச செயலகம். நிதி ஆய்வு என்றொரு உத்தியோகம் இருப்பதே பலருக்குத் தெரியாது. போன சித்திரைக்குப் பெரியப்பாவுக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். வெளிநாட்டுக் கம்பனிகளின் கணக்கறிக்கையைப் படித்து, அது வாங்கிய கடனைக் கட்டுமா, அதன் பங்குக்கு என்ன பெறுமதி என்று காசு போடுகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கிற வேலை என்றேன்.

"அப்ப எழுதுறதில உன்ர பேரு வருமா?"

"வராது பெரியப்பா."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி மனதில் கிடந்தது. இந்த வேலையின் கீழ்ப்படியில் நின்றவர்களுக்கு முன்னர் என்ன நடந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1914-இல் பெஞ்சமின் கிரஹாம் என்ற இருபது வயதுப் பொடியன் நியூயோர்க்கில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் சேர்கிறார். வாரச் சம்பளம் 12 டொலர். காகிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, பலகையில் விலை எழுதுவதுதான் தொடக்கம். அவருடைய அப்பா இறந்துவிட்டார். அம்மா கடனுக்கு வாங்கிய பங்குகள் 1907 நெருக்கடியில் போய்விட்டன. ஆகவே காசு தொலைவது எப்படியிருக்கும் என்று வீட்டிலேயே கண்டவர். அந்தக் காலத்தில் ஆய்வாளரை "புள்ளிவிபரக்காரர்" என்றுதான் கூப்பிடுவார்கள், பெரிய மரியாதை கிடையாது. கிரஹாம் மிசூரி பசிபிக் ரயில் கம்பனியின் கணக்கைத் தோண்டி, அதன் கடன்பத்திரம் நம்பத்தக்கதல்ல என்று ஓர் அறிக்கை எழுதினார். அதைப் பார்த்த வேறொரு நிறுவனம் அவரை வேலைக்குக் கேட்டது. 1934-இல் டேவிட் டொட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல்தான் இந்தத் தொழிலின் பாடப்புத்தகமாக நின்றது. இந்தத் தொழிலுக்குப் பரீட்சை வேண்டும் என்று 1940களில் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பரீட்சையின் முதல் அமர்வு 1963-இல் நடந்தது, 284 பேர் எழுதினார்கள். இன்று கொழும்பில் எங்களில் பாதிப்பேர் வேலை முடித்துவந்து படிப்பது அதற்குத்தான்.

நான் பிடித்துக்கொண்டது ஒன்றை. 12 டொலர் பொடியன் எழுதியதை வாசித்தவர்கள் அதே தெருவில் இருந்தார்கள். எழுதியது யார் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

பிறகு 2003. டொட்கொம் காலத்தில் வோல் ஸ்ரீட் ஆய்வாளர்கள் சிலர் உள்ளுக்குள் குப்பை என்று சொன்ன பங்குகளை, வெளியே "வாங்குங்கள்" என்று எழுதினார்கள். வங்கியின் வாடிக்கையாளரைக் கோபப்படுத்தக் கூடாதே! நியூயோர்க் சட்டமா அதிபர் எலியற் ஸ்பிற்சர் மின்னஞ்சல்களைக் கிளறியபோது, மெரில் லிஞ்சில் கீழ்நிலையில் இருந்த ஓர் ஆய்வாளரின் மடலும் அகப்பட்டது. நாங்கள் வங்கிப் பக்கத்திலிருந்து சுதந்திரமானவர்கள் என்பதே பொய் என்ற பொருளில் அவர் மேலாளருக்கு எழுதியிருந்தார். எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த ஆள் அவர்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் பத்து நிறுவனங்கள் ஏறத்தாழ 140 கோடி டொலருக்கு இணங்கின. ஆய்வுக்கு வங்கிப் பக்கத்திலிருந்து காசு வருவது நின்றது. செலவைக் குறைக்க, அடிமட்ட வேலையைக் கழற்றிக் கடல் கடத்தினார்கள்.

அம்பா ரிசர்ச் தொடங்கியதும் 2003-இல்தான், கொழும்பும் பெங்களூரும் அதன் தளங்கள். ஆங்கிலத்தில் கணக்கியல் படித்த ஆட்கள் இங்கே நிறைய. அந்தக் கம்பனி 2013-இல் மூடிஸிடம் போய், 2019-இலிருந்து அக்குயிட்டி என்ற பெயரில் இருக்கிறது. வேலை வந்தது, ஆனால் அந்தத் தெரு வரவில்லை. அறிக்கையின் எண்கள் இங்கே பிறக்கும், கையெழுத்து லண்டனில் விழும்.

கொழும்பில் இந்தக் கதவு திறந்த காலத்தில் எங்கள் பக்கம் என்ன நடந்தது? 2004-இல் கடல் வந்தது. 2006-இல் ஈச்சிலம்பற்றே எழும்பி வெருகல் ஆற்றைத் தாண்டி வாகரைக்கும், பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனது. எனக்கு ஒன்பது வயது. அடுத்த வருசம் திரும்பி வந்தோம். இங்கிலீஷ் ரியூசனுக்கு ஆள் கிடைத்தது இன்னும் பிந்தி. நேர்முகத் தேர்வில் கணக்கில் நான் தடுக்குப்படவில்லை, வாயைத் திறக்கத்தான் பயம்.

முதல் வருசம் முழுக்க எக்செல். கம்பனி அறிக்கையிலிருந்து எண்ணை எடுத்துத் தாளில் போடுவது, மூலத்தோடு சரிபார்ப்பது, திரும்பவும் போடுவது. ஆயிரத்தில் இருந்ததை மில்லியன் என்று எடுத்து ஒரு முழு இரவையும் நாசமாக்கினேன். நல்ல நாளும் உண்டு. ஒரு கம்பனி குத்தகைக் கடனை அடிக்குறிப்பில் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன், அறிக்கையின் முடிவே மாறியது. "நல்லா பாத்திருக்கிறீர் தம்பி" என்றார் எங்கள் குழுவின் அண்ணன். அவர் சொன்னதோடு சரி, வாடிக்கையாளருக்கு நான் யாரென்றே தெரியாது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஒபிசில் ஜெனரேற்றர் ஓடும், ஆகவே அங்கேயே கிடந்தோம். அந்த வாரம் என் மேசையில் இருந்தது வேறொரு நாட்டுக் கம்பனி டொலர்க் கடனைக் கட்டுமா என்ற கேள்வி. கையிருப்பைக் கடன் தவணையோடு ஒப்பிடும் ஒரு வரிசை தாளில் இருக்கும். ஏப்ரல் 12-ஆம் திகதி எங்கள் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. இரண்டு மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360-ஐத் தொட்டது. வாடிக்கையாளர் தருவது டொலர், எங்களுக்கு வருவது ரூபாய்.

அன்றிரவு அப்பா கோல் எடுத்தார். முந்தின வருசத்து உரத்தடையில் வயல் பாதிதான் விளைந்திருந்தது.

"நீ கணக்குப் பாக்கிற ஆள்தானே, இது வருமெண்டு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். மதியச் சாப்பாட்டு மேசையில் மாசக்கணக்காக அதைத்தான் கதைத்தோம். எழுதித் தரும்படி யாரும் கேட்கவில்லை.