ஊசி குனியாத மலை
பொருநை வானம் – 17

போன வாரம் ஜான் ஆலன் பிரவுனைப் பொதிகை அடிவாரத்தில் சுமைக்காரர்களோடு நிறுத்திவிட்டுப் போனேன். காந்த ஊசியின் 26 நாள் கணக்கின் முடிச்சை இந்த வாரம் அவிழ்ப்பதாக வாக்கும் கொடுத்திருந்தேன். அவிழ்ப்போம். முதலில் அவரை மேலே ஏற்றிவிட வேண்டும்.

வருடம் 1855. திருவிதாங்கூர் மகாராஜாவின் வானியலாளராகப் பதவியேற்று மூன்று வருடம் ஆகிறது. அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த கால்டெகாட் விட்டுப்போன நட்சத்திர பங்களா என்ற வானாய்வுக்கூடத்தில் எல்லா வசதியும் உண்டு. ஆனால் மனுஷனுக்கு ஒரே நமைச்சல். கடலோர நகரத்தில் தொங்கும் காந்த ஊசி இடமும் வலமுமாகத் தினமும் கொஞ்சம் ஆடுகிறதே, அதே மணிக்கு 6,200 அடி உயரத்தில் இருக்கும் ஊசி எப்படி ஆடும்? உட்கார்ந்து யோசித்தால் பதில் வராது. மேலே ஒரு கூடம் கட்டி, ஆள் வைத்து, மணிக்கு மணி எழுதினால்தான் தெரியும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த உச்சி அகத்தியமலை.

நம் பொதிகை மலை! மேற்கே நெய்யாறும் கிழக்கே தாமிரபரணியும் பிறக்கும் அதே மலைத்தொகுதி. பிரவுன் ஏறியது திருவனந்தபுரத்துப் பக்கமாக என்பதால், நெல்லைக்காரர்கள் இந்தக் கதையை மலையாளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்பாசமுத்திரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மேகத்துக்குள் ஒளிந்து விளையாடுகிற சிகரம் யாருடையது?

அந்த உச்சியின் காற்றை, ஏறியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நின்று பேச விடாது. கீழே காட்டில் அட்டை. இத்தனைக்கும் நடுவே காந்தக் கருவிகள் போக வேண்டும். காந்தக் கூடத்தின் பக்கத்தில் இரும்பு ஆகாது. ஒரு சாவிக்கொத்து அருகில் வந்தாலே அளவு கெட்டுவிடும். காட்டை வெட்டி வழி செய்ய அரிவாள் வேண்டும், மேலே போனதும் அதே அரிவாளை எட்டத்தில் போட வேண்டும். பிரவுனைவிட எனக்குப் பெரியவர்களாகத் தெரிவது, அந்தக் குளிரில் உட்கார்ந்து மணி தவறாமல் கருவியின் தொலைநோக்கிக்குள் பார்த்து எண் எழுதிய உள்ளூர் உதவியாளர்கள்தான். கீழ்நாட்டு வெயிலில் வளர்ந்த உடம்புகள். சம்பளத்துக்குத்தான் செய்தார்கள் என்பீர்கள். அந்தச் சம்பளத்துக்கு நீங்கள் ஒரு ராத்திரி ஏறி உட்கார்ந்து பாருங்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். அகத்தியர் ஏன் தெற்கே வந்தார் என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். கயிலையில் கல்யாணம், கூட்டம் தாங்காமல் வடக்கு தாழ்ந்தது, தெற்கு உயர்ந்தது. சமன் செய்யக் குறுமுனி பொதிகைக்கு வந்தார். இப்போது பிரவுனின் பெட்டியைத் திறப்போம். அந்தக் காலத்துக் காந்தக் கூடங்களில் சரிவூசி என்று ஒரு கருவி இருக்கும். மேலும் கீழுமாக அசைய விட்ட காந்த ஊசி. பிரவுன் பிறந்த ஸ்காட்லாந்தில் அதன் வடமுனை எழுபது டிகிரிக்கு மேல் தலைகுனிந்து மண்ணைப் பார்க்கும். தெற்கே வர வர நிமிரும். காந்த நடுக்கோட்டை நெருங்கினால், தட்டான்கடைத் தராசு மாதிரி கிடையாக நிற்கும். அந்தக் கோடு போவது இந்தத் தென்கோடி வழியாகத்தான்! வடக்கே தாழ்ந்து கிடந்த ஊசியைச் சமன்படுத்திய இடம் அகத்தியர் வந்து இறங்கிய வட்டாரம்.

முன்னோர்களுக்குக் காந்த நடுக்கோடு தெரிந்திருந்தது என்று மேடையேறிச் சொல்ல உடனே நாலு பேர் கிளம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். இது தற்செயல். அழகான தற்செயல், அவ்வளவே. அதை ரசிக்கத் தெரியாமல் ஆதாரமாக்குகிறவர்களால்தான் புராணமும் கெடுகிறது, விஞ்ஞானமும் கெடுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அகத்தியர் மலையில் மட்டுமா இருக்கிறார், வானத்திலும் இருக்கிறார். சிரியஸுக்கு அடுத்தபடி ராத்திரி வானத்தின் பிரகாசமான நட்சத்திரமான கனோபஸுக்கு நம் நாட்டில் அகத்தியர் என்றே பெயர். மாசி மாதம் முன்னிரவில் பாளையங்கோட்டை மொட்டைமாடியில் நின்று தெற்கே திரும்புங்கள். அடிவானத்திலிருந்து முப்பது டிகிரிக்குச் சற்றுக் குறைவாக, தனியாக நிற்கும். ஸ்காட்லாந்தில் அது எழுவதே இல்லை. சொந்த ஊரில் கண்ணில் பட்டிராத அந்த நட்சத்திரம், அதன் பெயர் கொண்ட மலையிலிருந்து பிரவுனுக்குத் தெரிந்திருக்கும். மேகம் அனுமதித்த இரவுகளில்.

ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஊசியை. இதுதான் இவரிடம் எனக்குப் பிடித்த முரண். வானியலாளர் என்று சம்பளம், வேலையோ குனிந்து காந்தத்தைப் பார்ப்பது.

1860-ல் பிரவுன் ஐரோப்பா போனார். திரும்பி வந்தபோது மலைக்கூடம் பாழாகியிருந்தது, மறுபடி கட்டினார். 1865-ல் பதவியை விட்டார். அதன்பின் அந்த இடத்துக்கு உடனே இன்னொரு வானியலாளர் வரவில்லை. மாதவ ராவ் திவானாக இருந்த காலம். நிர்வாகத்துக்கு எல்லோரும் அவரைப் புகழ்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் மனத்தாங்கல் உண்டு. கஜானாக் கணக்கில் சில ரூபாய் மிச்சம், அறிவுக் கணக்கில் பெரிய நஷ்டம். லண்டன் ராயல் சொசைட்டி 1878-ல் பிரவுனுக்கு ராயல் பதக்கம் கொடுத்தது. மறு வருடம் அவர் இல்லை.

அவருடைய ஊசி மட்டும் நம் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது என்பேன். சிற்பத்துக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. தலைக்கு மேல் சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டிப் பகல் நேரத்தில் ஓடும் மின்னோட்டத்தை அங்கே ஆராய்கிறார்கள். அந்த வழியே திருச்செந்தூர் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

26 நாள் கணக்கு அப்படியே நிற்கிறது. ஆசிரியர் கொடுத்த இடமும் தீர்ந்துவிட்டது. ஊசியின் ஆட்டம் சுமார் 26 நாளுக்கு ஒருமுறை திரும்பி வருவதைப் பிரவுன் கண்டுபிடித்தார். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு அதை முடிச்சுப் போட்டார். எப்படிப் போட்டார் என்பது அடுத்த வாரம். இந்த முறை மலையேற மாட்டேன்.

(தொடரும்)