ஸ்ட்ராடிவாரியின் இரகசியமும் கறுப்புக் கண்ணாடியும்

பழைய வயலின் ஒன்று கையில் கிடைத்தால், அதன் எஃப் வடிவத் துளைக்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கோ. மஞ்சளாகிப்போன ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருக்கலாம். அதில் ஸ்ட்ராடிவாரி, கிரெமோனா எண்டு இலத்தீனில் இருந்தால் உடனே காணி வாங்கக் கனவு காண வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜேர்மனியின் சக்சனிப் பகுதியில் செய்த ஏராளமான மலிவு வயலின்களுக்குள் இந்தப் பெயரை அச்சடித்து ஒட்டினார்கள். ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் உடல் எண்டு பகுதி பகுதியாகச் செய்து கொடுத்தவர்களின் பெயர் எதிலும் இல்லை.

அந்த ஒற்றைப் பெயருக்கு ஏன் இவ்வளவு மவுசு?

வட இத்தாலியின் கிரெமோனா நகரில், 16ஆம் நூற்றாண்டில் அந்திரேயா அமாத்தியின் பட்டறையில்தான் இன்று நாங்கள் காணும் வயலினின் வடிவம் பெருமளவுக்கு நிலைபெற்றது. தொழில் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. 1630இல் வந்த கொள்ளைநோய் அந்தக் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. தப்பிய பேரன் நிக்கோலோ அமாத்தி, பிறகு வெளியாட்களையும் சேர்த்துத் தொழில் பழக்கத் தொடங்கினார். அந்திரேயா குவார்னேரி அப்படி வந்தவர்தான். அறிவை வெளியில விட்டதால்தான் கிரெமோனா பிழைத்தது. அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி இந்த மரபின் மேல் நின்று வேலை செய்தவர். தொண்ணூறு வயது கடந்து 1737இல் இறக்கும்வரை அவரது பட்டறை இயங்கியது. மகன்மார் பிரான்செஸ்கோவும் ஒமோபோனோவும் கூடவே உழைத்தார்கள். ஆனால் உள்ளே ஒட்டப்பட்டது பெரும்பாலும் அப்பாவின் பெயர்தான்.

இனி வேலையைப் பார்ப்பம். தந்தி தனியே அதிர்ந்தால் பெரிதாகச் சத்தம் வராது. அதன் அதிர்வைக் குதிரை மேல்பலகைக்குக் கடத்துகிறது. மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு சின்ன மரத்தூண் நிற்கும். பிரெஞ்சுக்காரர் அதை ஆன்மா எண்டே அழைப்பார்கள். அதைக் கொஞ்சம் நகர்த்தினாலும் தொனி மாறும். உள்ளே இருக்கும் காற்றும் எஃப் துளைகள் வழியாக மூச்சு விடுவதுபோல் அசைந்து, கீழ்ச் சுரங்களுக்குப் பலம் கொடுக்கிறது.

மேல்பலகை ஸ்புரூஸ் மரம், பின்பலகை மேப்பிள். மேல்பலகையின் தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான். செய்பவர் சுரண்டுவார், தட்டிக் கேட்பார், வளைத்துப் பார்ப்பார், திரும்பச் சுரண்டுவார். கூடச் சுரண்டினால் திருப்பி ஒட்ட ஏலாது. ஒரு மரத்துண்டு போல இன்னொன்று இருக்காது. அதனால் அளவை மட்டும் பிரதி எடுத்தால் அதே தொனி வந்துவிடாது. இது கைக்கும் காதுக்கும் நடுவே வருஷக்கணக்கில் வளரும் அறிவு.

ஆனால் உலகம் தேடியது ஒரு "இரகசியத்தை". குளிர்காலங்களில் மெதுவாக வளர்ந்த மரம் என்றார்கள், மரத்தை இரசாயனத்தில் ஊறவைத்தார் என்றார்கள், வார்னிஷில்தான் மாயம் என்றார்கள். மரம், இரசாயனம் பற்றிய வாதங்கள் இன்னும் முடியவில்லை. வார்னிஷை மட்டும் பிரான்ஸிலும் ஜேர்மனியிலும் உள்ள ஆய்வாளர்கள் ஐந்து ஸ்ட்ராடிவாரி வாத்தியங்களில் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். கிடைத்தவை அந்தக்கால ஓவியர்களும் பாவித்த எண்ணெயும் பைன் பிசினும் சிவப்பு நிறமிகளும்தான்.

இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1819இல், பரிசில் ஒரு சுவையான சோதனை நடந்தது. மருத்துவம் படித்து பௌதிகவியலுக்கு வந்த பெலிக்ஸ் சவார், தட்டையான பலகைகளால் சரிவகப் பெட்டி போன்ற ஒரு வயலினைச் செய்தார். அதன் துளைகளும் நேர்கோட்டு வெட்டுகள்தான். பார்க்க வடிவே இல்லை. விஞ்ஞானிகளும் இசையமைப்பாளர்களும் கொண்ட குழு ஒன்று இருக்க, பக்கத்து அறையில் ஒரு கலைஞர் அதையும் ஒரு ஸ்ட்ராடிவாரியையும் மாற்றி மாற்றி வாசித்தார். எது எதென்று குழுவால் பிரிக்க முடியவில்லை. ஆனாலும் பெட்டி வயலின் மறக்கப்பட்டது. ஸ்ட்ராடிவாரியின் விலை ஏறிக்கொண்டே போனது.

2010இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸில் குளோடியா பிரிற்ஸ், ஜோசப் கேர்ட்டின் குழுவினர் 21 வயலின் கலைஞர்களை ஒரு மங்கலான ஹொட்டேல் அறைக்கு அழைத்தார்கள். வெல்டிங் கண்ணாடியை மாற்றியமைத்து அணிவித்தார்கள். பழைய மரத்தின் மணம் காட்டிக்கொடுக்காமல் இருக்க நாடி வைக்கும் இடத்தில் வாசனைத் திரவியம் தடவினார்கள். மூன்று புதிய வயலின்கள், மூன்று பழையவை. பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி. வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னபோது 13 பேர் புதியதை எடுத்தார்கள். ஆகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. மாதிரி சிறியது, இடமும் அறைதான் என்று விமர்சனம் வந்தது. 2012இல் பரிசுக்கு அருகே, பெயர்பெற்ற பத்துத் தனிக்கலைஞர்களோடு, மண்டபத்திலும் வைத்துத் திரும்பச் செய்தார்கள். ஆறு பேர் புதியதைத் தெரிந்தார்கள்.

ஸ்ட்ராடிவாரி மோசமெண்டு இதற்கு அர்த்தமில்லை. அவை அருமையான வாத்தியங்கள். ஆனால் இன்று நாங்கள் கேட்பது அவர் செய்த மாதிரியே இருக்கிற வயலினும் இல்லை. பெரிய மண்டபங்களுக்கு ஏற்றபடி அவற்றின் கழுத்தை மாற்றி, உள்ளே இருந்த தாங்குகட்டையையும் பலமானதாக்கிய பிற்காலக் கைவினைஞர்கள் பலர். அவர்களில் பெரும்பாலானோரின் பெயர் யாருக்கும் தெரியாது.

2011இல் ஒரு ஸ்ட்ராடிவாரி ஏறத்தாழ 15.9 மில்லியன் அமெரிக்க டொலருக்கு ஏலம் போனது. இந்த விலையில் ஒரு இளம் கலைஞர் வாங்க ஏலாது. பணக்காரரோ நிறுவனமோ இரவல் கொடுத்தால்தான் உண்டு. "பழையது இல்லாட்டி மேலே போகேலாது" என்ற நம்பிக்கை அவரைக் கைகட்டி நிற்கவைக்கிறது. இப்போது பட்டறையில் இருந்து உழைக்கிறவரையும் இரண்டாம் தரமாக்குகிறது.

நியூ ஜேர்சியில் கார்லீன் ஹட்சின்ஸ் எண்ட பள்ளி ஆசிரியை வேறு வழியில் போனார். தானே வாத்தியங்கள் செய்தார். பலகைகளில் மினுக்கத் தூளைத் தூவி, அதிரும்போது அது எந்தக் கோடுகளில் சேருகிறது எண்டு பார்த்து மரத்தைச் செதுக்கினார். கண்டதையெல்லாம் எழுதி வெளியிட்டார். 1963இல் இன்னும் சிலரோடு சேர்ந்து இதற்கென ஒரு சங்கமும் தொடங்கினார். இரகசியத்தை வைத்துப் பேர் எடுக்காமல் அறிவைப் பகிர்ந்தவர். நிக்கோலோ அமாத்தி வெளியாட்களுக்குக் கதவு திறந்ததும் இதுதானே.

அதால, அடுத்தமுறை ஒரு வயலினைக் கையில் எடுத்தால் உள்ளே இருக்கிற கடதாசியைக் கடைசியாக வாசியுங்கோ. முதல்ல கண்ணை மூடி ஒருக்கா வில்லைப் போட்டுப் பாருங்கோ.