குழாய்க் கிணற்றில் வந்த பாஷாணம்

குளத்து நீரைவிடக் குழாய்க் கிணற்று நீர் நல்லது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த நம்பிக்கையில்தான் 1970-களில் யூனிசெப் உதவியோடு வங்காளதேசமெங்கும் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. காலரா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றின் கிருமிகளிடமிருந்து குழந்தைகளைக் காப்பதே நோக்கம். அடிபம்பை அழுத்தினால் தெளிந்த நீர் கொட்டியது. ஆனால் அன்றைய நீர்ச் சோதனைகளில் ஆர்சனிக் இடம்பெறவில்லை.

மேற்கு வங்கத்திலும் இத்தகைய கிணறுகள் பெருகியிருந்தன. 1983-இல் கல்கத்தாவில் கே. சி. சாகா என்னும் தோல்நோய் மருத்துவர், கிராமத்து நோயாளிகளின் உடலில் கரும்புள்ளிகளையும் உள்ளங்கை, பாதங்களில் காய்ப்புகளையும் கண்டார். காரணம், குடிநீரில் இருந்த ஆர்சனிக். வெள்ளைப் பாஷாணம் என்கிறோமே, அது இந்த உலோகப்போலியின் ஆக்சைடுதான். 1993-இல் வங்காளதேசக் கிணறுகளிலும் இந்த நஞ்சு கண்டறியப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டுதல். பல கிணறுகளில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருந்தது!

இந்த நஞ்சை எந்த ஆலையும் கொட்டவில்லை. இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து குவித்த வண்டலிலேயே அது இருந்தது. மணற்பருக்கைகளின் மேல் துருப்போலப் படிந்த இரும்பு ஆக்சைடில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விடுவித்தது எது?

பாசனத்துக்கு நீர் இறைத்ததால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே புகுந்து கனிமங்களைச் சிதைத்தது என்று சிலர் முதலில் கருதினர். ஆனால் ஆக்சிஜன் இல்லாமையே காரணம் என்ற விளக்கம் 1998-க்குப் பின் வலுப்பெற்றது.

நாம் உண்ணும் உணவிலிருந்து பிரியும் எலெக்ட்ரான்களை இறுதியில் ஆக்சிஜனே ஏற்றுக்கொள்கிறது. அதற்காகத்தான் சுவாசிக்கிறோம். மண்ணின் ஆழத்தில் ஆக்சிஜன் ஏது? அங்குள்ள சில பாக்டீரியாக்கள் மக்கிய பொருள்களை உண்டு, எலெக்ட்ரான்களை இரும்பிடம் ஒப்படைக்கின்றன. உடனே இரும்பு நீரில் கரைகிறது. ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் பிடி தளர்ந்து நீரில் கலக்கிறது. ஆர்சனிக்கிடமே எலெக்ட்ரான்களை ஒப்படைக்கும் பாக்டீரியா ஒன்றும் 1994-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது.

2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கு வங்க வண்டலைக் காற்றுப் புகாமல் வைத்து, பாக்டீரியாக்களுக்கு உணவாக அசெட்டேட் சேர்த்தனர். முதலில் இரும்பு மாற்றமடைந்தது. அதன்பின் ஆர்சனிக் வெளிவந்தது.

நோய்க் கிருமிகளிடமிருந்து தப்ப, மக்கள் மண்ணுக்கடியிலிருந்த நீரைத் தேடினர். அங்கே நோய் தராத வேறு நுண்ணுயிர்கள் நெடுங்காலமாக நஞ்சை நீரில் சேர்த்துக்கொண்டிருந்தன. குழாய்கள் அதை மேலேற்றின.

பின்னர் வங்காளதேசத்தில் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ள பம்புகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். ஆர்சனிக் கலந்த நீருக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. வாசகர்களே, தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அல்ல, சோதித்தால்தான் தெரியும்.