உறுதிக்கு முன்பே எழுதப்படும் குறி: ஜெர்மனியில் குழந்தைகளின் தற்காலிக இடுப்பு மூட்டழற்சியும் அதன் பதிவும்

ஒரு குழந்தைக்கு வந்திருப்பது தற்காலிக இடுப்பு மூட்டழற்சிதான் என்று ஐயமின்றிச் சொல்ல, அது குணமாகும் வரை காத்திருக்க வேண்டும். ஜெர்மன் மருத்துவ நூல்கள் 'காக்ஸிடிஸ் ஃபூகாக்ஸ்' என்றும், அங்குள்ள பெற்றோர் 'ஹுஃப்ட்ஷ்னுப்ஃபன்' என்றும் சொல்லும் இந்நோயை மெய்ப்பிக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மூன்று முதல் பத்து வயதுக்குள், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் ஏறத்தாழ இருமடங்காக, பெரும்பாலும் சளி பிடித்து விட்டபின் ஓரிரு வாரத்தில் தோன்றும். குழந்தை விந்தி நடக்கும், அல்லது காலை ஊன்றவே மறுக்கும். நோய் இடுப்பில் இருக்க, முழங்காலைக் காட்டி அழுவதும் உண்டு. அல்ட்ராசவுண்டில் மூட்டுக்குள் நீர் கோத்திருப்பது தெரியும். ஓய்வும் இபுப்ரோஃபெனும் போதும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சுவடில்லாமல் மறைந்துவிடும்.

முதல் நாளில் இதே முகத்தோடு வேறு நோய்களும் வருகின்றன. சீழ் மூட்டழற்சி ஒன்று. அதில் தாமதித்தால் மூட்டே அழியும். டூபிங்கன் அறுவை மருத்துவர் கெயோர்க் பெர்த்தெஸ் 1910இல் விவரித்த நோய் இன்னொன்று. தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமின்றிச் சிதையும் அந்நோயில் தொடக்க எக்ஸ்ரே குறையேதும் காட்டாமல் போகலாம்.

காலம் மட்டுமே தீர்க்கும் இந்த ஐயத்தை, காலம் தராத ஒரு கணக்குமுறை எப்படிப் பதிவு செய்கிறது? ஜெர்மனியின் சமூகச் சட்டத் தொகுப்பு ஐந்தாம் நூலின் 295ஆம் பிரிவுப்படி, நோய்க் குறியீடு இல்லாமல் வெளிநோயாளி மருத்துவர் கட்டணக் கணக்கு அனுப்ப முடியாது. குறிகள், உலக நோய் வகைப்பாட்டின் ஜெர்மன் பதிப்பான ஐசிடி-10-ஜிஎம் பட்டியலிலிருந்து வரவேண்டும். அதில் தற்காலிக சினோவைட்டிஸ் என்ற பெயரில் இந்நோய்க்கு எம்67.3, இடுப்புப் பகுதியைச் சுட்ட ஐந்தாம் இலக்கம் சேர்ந்தால் எம்67.35. அதே குழந்தைக்கு வகைப்படுத்தப்படாத ஒற்றை மூட்டழற்சி என எம்13.15 எழுதவும், வெறும் மூட்டு வலி என எம்25.55 எழுதவும் இடமிருக்கிறது. காப்பீட்டுத் தரவைக் கொண்டு இந்நோயை எண்ண முயல்பவர் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

ஆனால் எண்ணைவிட முக்கியமானது அதன் பின்னே வரும் எழுத்து என்பதே என் வாதம். ஜெர்மன் வெளிநோயாளிப் பதிவில் ஒவ்வொரு குறியோடும் அதன் உறுதிநிலையைச் சொல்லும் எழுத்து கட்டாயம்: உறுதியானது ஜி, ஐயத்துக்குரியது வி, இல்லையென விலக்கப்பட்டது ஏ, முன்பிருந்து நீங்கிய நிலை இசட். இந்த நோய்க்கென்றே செய்ததுபோன்ற ஏற்பாடு இது. முதல் நாளில் எம்67.35 வி, இரத்தப் பரிசோதனையும் குழந்தையின் நிலையும் இடம் தந்தால் சீழ் மூட்டழற்சிக்கு எம்00.95 ஏ, குழந்தை வலியின்றி ஓடத் தொடங்கியதை மறுபரிசோதனையில் கண்டபின் வி-யை ஜி ஆக்கலாம். நோயின் ஆயுள் பெரும்பாலும் ஒரே காலாண்டுக் கணக்குக்குள் அடங்கிவிடுவதால் இதில் நடைமுறைச் சிக்கலும் குறைவு.

காய்ச்சல் இல்லை, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி உயரவில்லை, குழந்தை தெளிவாக இருக்கிறது என்றால் முதல் நாளிலேயே ஜி எழுதுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாஸ்டனில் மினிந்தர் கோச்சர் குழுவினர் 1999இல் நான்கு அளவுகோல்களை வகுத்தனர்: 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கால் ஊன்ற இயலாமை, மணிக்கு 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஈஎஸ்ஆர் (இரத்தச் சிவப்பணு படியும் வேகம்), 12,000க்கு மேல் வெள்ளணு. நான்கில் ஒன்றும் இல்லாத குழந்தைக்குச் சீழ் இருக்கும் வாய்ப்பு 0.2 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது அந்த ஆய்வு. அதே குழு 2004இல் புதிய நோயாளிகளிடம் சோதித்தபோது அது 2 விழுக்காடாயிற்று. நான்கும் உள்ளவர்களுக்கு 99.6 என்றிருந்தது 93க்கு இறங்கியது. தம் கணிப்பைத் தாமே திரும்பச் சோதித்த அந்த நேர்மை போற்றத்தக்கது. மேலும், இந்த அளவுகோல்கள் சீழைப் பற்றியவை. பெர்த்தெஸ் நோயைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. முதல் நாள் ஜி எழுதப்பட்ட குழந்தை ஆறு வாரம் கழித்தும் நொண்டினால், அடுத்து பார்க்கும் மருத்துவர் 'ஏற்கெனவே கண்டறியப்பட்டது' என்ற நம்பிக்கையோடு தொடங்குவார். வி எழுதப்பட்டிருந்தால் தேடலோடு தொடங்குவார்.

மருத்துவமனைக்குள் போனால் நிலைமை மாறிவிடுகிறது. உள்நோயாளிப் பதிவில் இந்த நான்கு எழுத்துகளுக்கும் இடமில்லை. ஜெர்மன் குறியிடல் விதிகளின்படி, சேர்க்கைக்கு முதன்மைக் காரணமான நோய் எது என்பது எல்லா ஆய்வும் முடிந்தபின் திரும்பிப் பார்த்துத் தீர்மானிக்கப்படும். சீழ் என்ற அச்சத்தில் இரவில் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு மூன்றாம் நாள் அது இல்லையென்று தெரிந்தால், குறியில் மிஞ்சுவது எம்67.35 மட்டுமே, அச்சம் மறைந்துவிடும். இவ்வளவு எளிய நோய்க்கு ஏன் படுக்கை என்று காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் தணிக்கை செய்யும் மருத்துவச் சேவை அமைப்பு கேட்டால், மருத்துவக் குறிப்பேடுதான் பதில் சொல்ல வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஐயம் தீராமலே வீடு திரும்பும் குழந்தைகளுடையது. பரிசோதித்தும் சிகிச்சை தொடங்கவில்லை என்றால் அறிகுறியைக் குறியிட வேண்டும். முடிவு தெளிவாகாத நிலையிலும் அந்த ஐயத்துக்காகச் சிகிச்சை தொடங்கிவிட்டால் ஐயப்பட்ட நோயையே குறியிட வேண்டும் என்கின்றன விதிகள். ஒரே நிலையிலுள்ள இரு குழந்தைகளில், எச்சரிக்கையான மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்த குழந்தை சீழ் மூட்டழற்சிக் குறியோடு வெளியேறும். மற்றது மூட்டு வலியோடு. கட்டணக் கணக்குக்கு இது பொருந்தலாம், ஏனெனில் செலவு சிகிச்சையைப் பின்பற்றுவது. நோயியல் தரவாக இதைக் கொள்வது பிழை.

ஆகவே சுமை முழுவதும் எழுத்துக் குறிப்பின் மேல் விழுகிறது. 2013இல் நடைமுறைக்கு வந்த நோயாளி உரிமைச் சட்டம் ஜெர்மன் குடிமைச் சட்டத்தில் 630எஃப் பிரிவைச் சேர்த்து, பதிவேட்டைச் சிகிச்சை முடிந்தபின் பத்தாண்டு காக்கச் சொன்னது. எழுதப்படாத அவசியச் செயல் செய்யப்படவில்லை என்றே கருத 630எச் இடமளிக்கிறது. இந்நோயில் எழுதப்பட வேண்டியவை பலவல்ல: உடல் வெப்பம், குழந்தை கால் ஊன்றியதா, இடுப்பை உட்புறம் திருப்ப விட்டதா, இருபுறமும் அல்ட்ராசவுண்டில் கண்டது, இரத்தம் எடுத்தது அல்லது எடுக்காததற்கான காரணம், எப்போது திரும்பி வரவேண்டுமெனப் பெற்றோரிடம் சொன்னது. கடைசியாகச் சொன்னதையே நான் மிக உயர்வாக மதிப்பேன். குழந்தையைக் காப்பது அதுதான்.

2025இல் நாடெங்கும் வந்த மின்னணு நோயாளி ஆவணத்தில், மறுப்புத் தெரிவிக்காதவரை, காப்பீட்டு நிறுவனங்களின் கட்டணத் தரவும் சேர்கிறது. முன்பு பெரும்பாலும் கணக்காளர்களே கண்ட குறியைப் பெற்றோர் இனித் தம் கைபேசியில் காண்பார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருந்தாலும், ஜெர்மன் கட்டணக் கணக்குகள் ஐசிடி-10-ஜிஎம்மிலேயே நடக்கின்றன. புதிய பட்டியலில் நோயின் உறுதிநிலையைக் குறிக்கும் துணைக் குறிகள் உள்ளன. மாற்றம் வரும்போது, பட்டியலை வெளியிடும் கூட்டாட்சி மருந்து நிறுவனமும், மருத்துவமனைக் கட்டண முறையை நடத்தும் ஸீக்புர்க் நகரின் இன்எக் நிறுவனமும் அவற்றை உள்நோயாளிப் பதிவுக்கும் திறந்துவிட வேண்டும். கட்டணத்தோடு அவற்றைப் பிணைக்காமலே அதைச் செய்ய முடியும்.